ஷேர் ஆட்டோவில் எங்கள் கவுன்சிலர்

இன்று காலை ஷேர் ஆட்டோவில் வந்தேன். பக்கத்தில் மடியில் ஃபைலோடு ஓர் அம்மா.

எங்கள் தெருவில் ஆட்டோ சாக்கடைத் தண்ணீரில் இறங்கி ஏறியது. "எங்க கவுன்சிலர் கூட்டத்துக்கே போறதில்ல போலங்க. மூணு தடவை மனு குடுத்துட்டேன்" என்றேன்.

"யார்கிட்ட குடுத்தீங்க?"

"கவுன்சிலர்கிட்டதான். டீக்கடையில இருந்தாரு."

"அது என் வீட்டுக்காரருங்க. கவுன்சிலர் நான்தான். ஒரு கூட்டம் விட்டதில்ல. மனு எதுவும் என் கைக்கு வர்றதில்ல, அங்க போய் என்னத்த பேசறது?"

தெருப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் ஓட்டுப் போட்டது இவருக்குத்தான். ஆனால் தேர்தல் நோட்டீஸில் இவர் வீட்டுக்காரர் படம்தான் பெரிதாக இருந்தது.

அந்த அம்மா இறங்கும்போது டிரைவர் மரியாதையாகச் சொன்னார்: "கவுன்சிலர் வீட்டம்மா, பாத்து இறங்குங்க."

அந்த அம்மா திருத்தவில்லை. நானும்தான்.

உங்கள் வார்டில் மனு யார் பாக்கெட்டில் இருக்கிறது?