புதன்கிழமைக்கு மாற்றிய டிக்கெட்

1. நாள்காட்டி

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு டிராவல்ஸ் கடையில் இருபத்தாறு வருடம் டிக்கெட் போட்டேன். சேர்ந்த முதல் நாளே முதலாளி ராகு காலம் போட்ட நாள்காட்டி ஒன்றை என் மேசையில் வைத்தார்.

"கம்ப்யூட்டரு பொறவு கத்துக்கலாம் தம்பி, மொதல்ல இதப் பாரு. செவ்வாக்கெழம நம்மாளுங்க கெளம்ப மாட்டாங்க. போட்டுட்டு அப்புறம் மாத்துனா நமக்குத்தான் தலவலி" என்றார்.

செவ்வாயோ வெறுவாயோ என்று கேட்டு வளர்ந்தவன் நான். சில வருடங்களில் என் கை தானாகவே செவ்வாயைத் தாண்டிப் புதனில் போய் நிற்கும். அதைப் பெரிய தொழில் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

2. கொழும்பு, மூன்று இரவு

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ரோஸ்மேரி அக்கா வந்தார். கூடவே அவர் கணவர் சூசை அண்ணன். அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சு நின்றுபோய், அப்போதுதான் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"மூணு ராத்திரி கொழும்பு போவணும் தம்பி. காலிமுகத்திடல், பசாரு எல்லாம் நீங்களே பாத்துப் போடுங்க. ஆனா செவ்வாக்கெழம சாயங்காலம் நாங்க கொச்சிக்கடை அந்தோணியார் கோவில்ல நிக்கணும். அது மட்டும் மாறக்கூடாதுலா."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். அண்ணனுக்குப் பேச்சு வரவேண்டும் என்று பதின்மூன்று செவ்வாய் நேர்ந்திருக்கிறார். நடுவில் ஒன்றுகூட விடக்கூடாது. பன்னிரண்டைத் தங்கள் ஊர்க் கோவிலில் முடித்துவிட்டு, கடைசி ஒன்றைக் கொச்சிக்கடையில் முடிப்பதாக வாக்கு. அந்தோணியாரின் நாக்கில் ஒரு சிறு துணுக்கை அந்தக் கோவிலில் வைத்திருக்கிறார்களாம்.

"போ...வோம்" என்றார் அண்ணன். அந்த ஒரு சொல்லுக்கு அவர் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

அவர்கள் போனதும் பிளானை நன்றாகத்தான் போட்டேன். செவ்வாய் விடியற்காலை கிளம்பி, கோலாலம்பூரில் பிளேன் மாறி, மதியம் கொழும்பு. சாயங்காலம் கோவில். மறுநாள் காலிமுகத்திடல் கடற்கரை. அதற்கடுத்த நாள் புறக்கோட்டை கடைவீதி. அண்ணனுக்கு நடக்கச் சிரமம் என்பதால் ஓட்டலில் கீழ்மாடி அறை. எல்லாம் சரி. டிக்கெட் போடும் நேரத்தில் கண் நாள்காட்டிக்குப் போனது, கை புதனுக்குப் போனது.

மறுநாள் காலை வவுச்சர் அடிக்கும்போதுதான் பார்த்தேன். சலுகை விலையில் போட்ட புரோமோ டிக்கெட், பணம் கட்டி மாற்றுவதென்றால் முதலாளியிடம் போய் நிற்க வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு டிக்கெட்கூடத் தப்பாகப் போடாதவன் என்று எனக்குக் கடையில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேர்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. போனை எடுத்தேன்.

"அக்கா, செவ்வாக்கெழம பிளேன் ஃபுல்லு. புதன்தான் கெடச்சுச்சு."

"ஒரு ரெண்டு சீட்டுகூடவா இல்ல தம்பி?"

"இல்லக்கா."

"சரி. கடைசிச் செவ்வாய இங்கயே முடிச்சிட்டுக் கெளம்புறோம். அந்தோணியார் பாத்துக்குவாரு."

சாமி என்ன செவ்வாய்க்கிழமை மட்டுமா கோவிலில் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதையே தைப்பூசத்துக்கு வரும் ஒரு கஸ்டமருக்குச் சொல்வேனா? தைப்பூசத்துக்கு மறுநாள் டிக்கெட் போடுவேனா? என் வீட்டு நாள் என்றால் நாள், அடுத்த வீட்டு நாள் என்றால் வெறும் தேதி. அப்படி நினைத்தவன்தான் நான்.

3. தேயிலைப் பொட்டலம்

திரும்பி வந்ததும் இருவரும் கடைக்கு வந்தார்கள். அக்கா ஒரு தேயிலைப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். ஓட்டல் நல்லா இருந்துச்சு, வேன் டிரைவர் நல்ல மனுசன், அண்ணன் கடற்கரையில் உட்கார்ந்து இறால் வைத்த இஸ்ஸோ வடை சாப்பிட்டார் என்று எல்லாம் சொன்னார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்.

"செவ்வாக்கெழம நெசமாவே எடம் இல்லையா தம்பி?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்குக் கொடுத்த இன்னொரு வாய்ப்பு அது. எங்கே புத்தி வந்தது?

"ஃபுல்லுக்கா. நான் ரெண்டு தடவ செக் பண்ணேன்."

சூசை அண்ணன் என்னையே பார்த்தார். வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. அக்கா எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தார். நானும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"பட்டர்...வொர்த் ஆளுங்க. கோவில்ல... பாத்தோம். செவ்வா... அதே பிளேன்ல வந்தாங்க. பாதி... காலி."

பட்டர்வொர்த் எங்களுக்கு எதிர்க்கரை ஊர். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன். நாள்காட்டி, பழக்கம், முதலாளிக்குப் பயந்தது எல்லாவற்றையும். அக்கா முழுவதும் கேட்டார்.

"மறந்துட்டேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்களே எப்படியாச்சும் மாத்தியிருப்போம் தம்பி. எல்லாரும் மறக்குறதுதான். ரெண்டு தடவ செக் பண்ணேன்னு இப்ப சொன்னீங்க பாருங்க, அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

தேயிலையை அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வாக்குக் கொடுத்த இடத்தில் முடியாததால் நேர்ச்சையை மறுபடியும் முதல் செவ்வாயிலிருந்து தொடங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அண்ணன் கையைப் பிடித்து மெதுவாகப் படியிறங்கினார்.

அன்றே முதலாளியிடம் எல்லாம் சொன்னேன். திட்டினார், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இந்த ஐந்து நிமிடத்துக்குப் பயந்துதான் அவ்வளவும் செய்தேன்.

பிள்ளைகளே, கஸ்டமர் ஒரு நாளைச் சொன்னால் காரணத்தையும் கேட்டு ஃபைலில் எழுதுங்கள். தப்பு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் தள்ளிச் சொன்னால் அதற்கு வேறு பேர்.

அக்கா மறுபடி தொடங்கிய செவ்வாய்களை நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். பத்தாவது செவ்வாய் முடிந்ததும் அக்காவுக்கு போன் செய்து, இந்த முறை எல்லாவற்றையும் என் செலவில் நானே போட்டுத் தருகிறேன் என்றேன்.

"டிக்கெட் எடுத்தாச்சு தம்பி" என்றார். குரலில் கோபமே இல்லை. "வேற எடத்துல."