தாய்மாமன் கொண்டுவந்த முட்டை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீப்ஸில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் நடந்தது இது. என் மகள் பெரிய மனுஷியாகியிருந்தாள். மஞ்சள் நீராட்டுக்கு நாள் குறித்து, பத்திரிகை அடிக்கவும் கொடுத்தாகிவிட்டது. வீடு ஒரே கலகலப்பு.

எங்கள் பக்கத்தில் வயசுக்கு வந்த பெண்ணுக்குக் காலையில் வெறும் வயிற்றில் நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாகக் குடிக்கக் கொடுப்போம். கூடவே நல்லெண்ணெய். இடுப்புக்குப் பலமாம். என் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. தாய்மாமன் ஆயிற்றே! அவன் பங்காருபேட்டைப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் வண்டி ஓட்டுகிறான். வீட்டுக்குப் பின்னாலும் நாட்டுக்கோழி வளர்க்கிறான். தினமும் விடிந்ததும் ஸ்கெலட்டன் பக்கமுள்ள தன் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் முட்டையோடு வந்து நிற்பான்.

"இது கடை முட்ட இல்லக்கா, என் கோழிங்களோடது. ஒரு நாளு சீக்குன்னு படுத்ததில்ல, தெரியுமா?" என்று பீற்றிக்கொள்வான். கட்டிய பெண்டாட்டியைக்கூட அவன் அப்படிப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. என் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குவாள். மிச்ச முட்டையில் எங்களுக்கு ஆம்லெட்.

திடீரென்று ஒரு நாள் அவளுக்கு வயிற்றுப்போக்கு. சாயங்காலத்துக்குள் உடம்பு அனலாய்க் கொதித்தது. தெருமுனை கிளினிக்கில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தவறாமல் கொடுத்தேன். காய்ச்சல் இறங்குவேனா என்றது. பிள்ளை துவண்டு, கண் உள்ளே போய், கூப்பிட்டால் 'ம்' என்றுகூடச் சொல்ல முடியாமல் கிடந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா டிரிப் ஏற்றினார். ரத்தத்தையும் மலத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர நாளாகும், அதுவரை கிளினிக்கில் கொடுத்த அதே மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்ப்போம் என்றார். "என்ன சாப்பிட்டாள்?" என்று கேட்டார். நான் யோசித்து யோசித்துப் பானிபூரி என்றேன். மூலையில் உட்கார்ந்து போரடிக்கிறது என்று அழுதாளே என்று ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் வாங்கி வந்து கொடுத்திருந்தேன். முட்டை என் வாயில் வரவே இல்லை. அது எங்களுக்கு மருந்து. சாப்பாட்டில் சேர்த்தியே கிடையாது.

அவ்வளவுதான், என் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "ரோட்டுல விக்கறதெல்லாம் வாங்கிக் குட்த்துட்டு இப்ப இன்னாத்துக்கு அழுவுற?" என்று வார்டிலேயே கேட்டாள். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரும் அப்படித்தான் நினைக்கிறார் என்று புரிந்தது. எனக்கே நான்தான் என் பிள்ளையைக் கொன்றுவிடப் போகிறேன் என்று தோன்றிவிட்டது.

மத்தியானம் வேலையிலிருந்து நேரே தம்பி ஓடிவந்தான். மகளின் தலையைத் தடவியவன், பக்கத்து மேசையில் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. "இந்த மாத்திரையாக்கா குட்த்தாங்க?" என்றான். ஆமாம் என்றேன். அட்டையோடு வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றான்.

அவன் பேசாமலே இருந்திருக்கலாம். பழி ஏற்கெனவே பானிபூரி மேலும் என் மேலும் விழுந்தாயிற்று. ஆனால் டாக்டரம்மா வந்ததும் அவன் என் வீட்டுக்காரரும் நாத்தனாரும் நிற்கும்போதே முன்னால் வந்தான்.

"பானிபூரி இல்லீங்கம்மா. பாப்பா டெய்லி பச்ச முட்ட குடிச்சிது. என் கோழி முட்ட. கோழிங்களுக்குச் சீக்கு வரக்கூடாதுன்னு இதே மாத்திரயத்தான் நானு பொடி பண்ணி தண்ணியில கலக்கினு இருக்கறேன். பண்ணையில பாத்துக் கத்துக்கினது."

டாக்டரம்மா திட்டவில்லை. எவ்வளவு நாளாக என்று மட்டும் கேட்டார். வருஷக் கணக்காக என்றான். கோழி வயிற்றில் இருக்கும் கிருமி இந்த மருந்தைத் தினமும் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கும், அதே கிருமி முட்டை வழியாகப் பிள்ளைக்கு வந்திருந்தால் இது கேட்காது என்று எங்களுக்குப் புரியும்படி சொன்னார். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அப்போதே வேறு ஊசிக்கு மாற்றினார். தீயில் வெந்த ஆம்லெட்டாகச் சாப்பிட்ட எங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"மாமன் சீரு கொண்டாருவான்னு பாத்தா சீக்க கொண்டாந்துக்கிறான்!" என்று நாத்தனார் கத்தினாள். கோழியை யாராவது குறை சொன்னாலே சண்டைக்கு நிற்பவன், தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் கேட்டான். நானும் அவனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் ஆத்திரம்தான்.

மறுநாள் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. அதற்கடுத்த நாள் மகள் கண்ணைத் திறந்து, "பசிக்குதும்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அழுத அழுகை வார்டுக்கே கேட்டிருக்கும். ரிசல்ட்டும் வந்தது. சால்மோனெல்லா கிருமிதான், பழைய மருந்துக்கு அது அசையாது, புது ஊசிக்குக் கேட்கும் என்று இருந்தது. "உங்க தம்பி சொல்லலன்னா, இது வர்ற வரைக்கும் அந்தப் பழைய ஊசியேதான் போட்டிருப்பேன். பாப்பா தாங்கியிருக்காது" என்றார் டாக்டரம்மா. வராந்தாவில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் என் வீட்டுக்காரர் போய், "வாங்க மச்சான், டீ குடிக்கலாம்" என்று தோளில் கைபோட்டு அழைத்துப் போனார்.

இப்போது அவன் தண்ணீரில் எதையும் கலப்பதில்லை. கூண்டைக் கழுவுகிறான், தடுப்பூசி போடுகிறான், கோழி சோர்ந்தால் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். பண்ணை முதலாளியிடமும் சொல்லிப் பார்த்தான். முதலில் சிரித்தாராம்; இவன் விடவில்லை. இப்போது டாக்டரைக் கேட்காமல் அங்கேயும் மருந்து கொடுப்பதில்லையாம்.

தள்ளிப்போன சடங்கை இரண்டு மாதம் கழித்து ஜாம்ஜாம் என்று நடத்தினோம். "மாமன் எங்க? அவன் வராம இன்னா சடங்கு?" என்று முதலில் குரல் கொடுத்ததே என் நாத்தனார்தான்! அவன் பட்டுப்பாவாடையும் வளையலும் பழமுமாகத் தட்டுகளை நிறைத்துக்கொண்டு வந்தான். ஊரே மெச்சியது. ஆனால் அன்று அத்தனை பேர் முன்னால் தன் மானத்தைவிட என் மகளின் உயிர்தான் பெரிது என்று அவன் வாயைத் திறந்தானே, எந்தத் தாய்மாமனும் அதைவிடப் பெரிய சீர் செய்துவிட முடியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.