காவி எழுதிய கால்

என் அம்மா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் எங்கள் வீட்டில் இருப்பாள். மீதி நாளெல்லாம் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கடலூர் மஞ்சக்குப்பத்து வாடகை வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். அப்பா பக்கத்திலேயே ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். நன்றாகச் சமைப்பார், எனக்குத் தலை பின்னிவிடுவார், ஆனால் ஒட்டடை மட்டும் அடிக்க மாட்டார். அதனால் அம்மா லீவில் வந்து இறங்கும்போதெல்லாம் வீட்டில் எங்களைவிடப் பூச்சிகள்தான் உரிமையோடு குடியிருக்கும்.

நான் நாலாவது படித்த வருடம், 2008 என்று நினைக்கிறேன், அம்மா போகிக்கு முதல் நாள் வந்தாள். பெட்டியைத் திறந்து எனக்குச் சாக்லேட்டைக் கொடுத்த கையோடு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒட்டடைக் கம்பைத் தூக்கிவிட்டாள். பாத்ரூம் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எட்டுக்கால் பூச்சி வயிற்றுக்கடியில் வெள்ளையாக முட்டைப் பையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்பா செருப்பை எடுத்தார். அம்மா தடுத்தாள்.

"அத ஏங்க அடிக்கிறீங்க? கரப்பான் திங்கிற ஜீவன் அது. தொடப்பத்தால வெளிய தள்ளி உடுங்க."

அந்த நேரம் பார்த்து வந்து நின்ற எதிர்வீட்டு அத்தைக்கு அது பொறுக்கவில்லை. "இன்னாம்மா நீ, அது மேல மூத்திரம் உட்டுச்சின்னா அக்கி வந்துடும். கொழந்த இருக்கிற ஊடு."

"அக்கி பூச்சியால வர்றதில்லக்கா. அது வைரஸ்" என்று அம்மா சிரித்தாள். அத்தையின் முகம் சுருங்கிப்போனது. தோலில் கொப்புளம் கண்டால் அக்கி என்று சொல்லி, மண்பானை செய்கிறவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொண்டு வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். எழுதினால் மூன்று நாள் காலையில், வெறும் வயிற்றில் எழுத வேண்டும். அதைப் போய் வைரஸ் என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

நாட்கள் ஓடின. எனக்கு அவள் பின்னாலேயே சுற்றுவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. அவள் துணி மடித்தால் நானும் மடித்தேன். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். எத்தனை ஒட்டிக்கொண்டாலும் போதவில்லை. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அவள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினாள். ஷூவை உதறிவிட்டுப் போடவும். கொல்லையில் அடுக்கியிருக்கும் செங்கலுக்குள் கையை விட வேண்டாம், பொந்துக்குள் இருக்கும் மயிர் அடர்ந்த எட்டுக்கால் பூச்சியிடம் வம்பு வேண்டாம். முருங்கை மரத்தடியில் கட்டெறும்புப் புற்று இருக்கிறது, பாப்பாவை வெறுங்காலோடு விட வேண்டாம். எறும்பு கடித்தால் சோப்பு போட்டுக் கழுவி ஐஸ் வைக்கவும், சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிந்துவிடும். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே பெரியாஸ்பத்திரி. எட்டுக்கால் பூச்சி என்றால் ஒரு நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்து பார்க்கவும்.

அதை பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டி அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். அப்பா மேலதிகாரியின் உத்தரவைக் கேட்பதுபோல எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டும்போல ஆத்திரமாக வந்தது. அதில் இருந்த ஒவ்வொரு வரியும் அவள் இல்லாத நாட்களுக்காக எழுதியது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஒரு வாரம் லீவு சேத்துக் கேட்டுப் பாக்கட்டுமா?"

"வெளாட்டா? சும்மா லேட்டாப் போனா கான்ட்ராக்ட்ட கேன்சல் பண்ணிடுவான். போவ வேண்டிய நாளுக்குப் போயிடணும்" என்றார் அப்பா. அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

கிளம்பும் நாளன்று மூன்று மணிக்குச் சென்னை பஸ். காலையில் அவள் ஊறுகாய் பாட்டிலுக்குப் பிளாஸ்டிக் கவர் சுற்றிக்கொண்டிருந்தபோது நான் கொல்லைக்குப் போனேன். பட்டியலில் எனக்கு வேண்டியது கடைசி வரிதான். ஆனால் எட்டுக்கால் பூச்சியைத் தொட எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் கைக்கெட்டிய கட்டெறும்புப் புற்றில் இடது காலை வைத்தேன். பத்து எண்ணுவதாகத் திட்டம். நாலு எண்ணுவதற்குள் ஊரே கேட்கும்படி அலறிவிட்டேன்.

அம்மா ஓடிவந்து என்னை அப்படியே தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். சோப்பு போட்டுக் கழுவினாள். விரலிடுக்கில் இருந்து எதையோ பிய்த்தெடுத்து, ஒரு கணம் பார்த்து, தண்ணீரோடு தள்ளிவிட்டாள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தாள்.

"என்னா கடிச்சிது?"

"எட்டுக்கால் பூச்சி."

"எப்பிடி இருந்திச்சி?"

"கறுப்பா, மயிரா... எட்டுக் காலு இருந்திச்சி."

"எண்ணிப் பாத்தியா?"

"எண்ணினேன்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அதற்குள் அப்பா மூச்சிரைக்க வந்து நிற்க, அவள் அவர் பக்கம் திரும்பி, "ஏங்க, பூச்சிதான் கடிச்சிருக்கு. இன்னிக்கி நான் போவ முடியாது" என்றாள்.

"பெரியாஸ்பத்திரிக்கித் தூக்கிட்டுப் போவட்டா?"

"வாணாம். மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் கூட இருந்து பாத்துக்கிறேன்."

எதிர்வீட்டு அத்தை விடுவாளா? "நான் அன்னிக்கே சொன்னேன். அக்கி எழுதிடுங்க."

"நீங்க சொல்றது சரிதாங்க்கா" என்றாள் என் அம்மா. "மூணு நாளு எழுதிட்டே போறேன்."

அத்தைக்கு வாயெல்லாம் பல். ஒரு நர்ஸும் எதிர்வீட்டு அத்தையும் ஒரே கட்சியில் சேர்ந்த பிறகு அப்பாவால் என்ன பேச முடியும்? குழந்தைக்கு விஷக்கடி என்று மஸ்கட்டுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, டிக்கெட்டை மாற்றுவதற்காகச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். படித்தவளையே ஏமாற்றிவிட்டோமே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மேல்பட்டாம்பாக்கத்தில் அக்கி எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். மூன்று நாளும் விடிந்ததும் அம்மாவும் நானும் மட்டும் பஸ் ஏறிப் போனோம். ஜன்னல் சீட்டில் அவள் மடியில் நான். நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரிகள் வரிசையாக நிற்கும், காற்றெல்லாம் பாகு மணக்கும். அவள் என் தலையில் முகவாயை வைத்துக்கொண்டு வருவாள். இன்றும் அந்த வழியில் போனால் என் உச்சந்தலையில் அந்த முகவாய் அழுந்துகிறது. அந்த பஸ் பண்ருட்டி, விழுப்புரம் என்று நிற்காமல் போய்க்கொண்டே இருந்திருக்கலாம்.

எழுதுகிறவர் முதல் நாளே என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அக்கி மாரி தெரியிலியேம்மா. வீக்கமே காணோமே?"

"பரவால்ல, எழுதிடுங்க. மூணு நாளும் எழுதிடுங்க" என்றாள் அம்மா.

அவர் காவியைக் குழைத்துப் பாதத்தில் ஒரு சிங்கம் எழுதினார். எனக்கு அது பூனையாகத்தான் தெரிந்தது. அப்புறம் கடையில் இட்லி. அம்மா பிட்டுப் பிட்டு ஊட்டினாள். கடித்தது காலில்தானே, கைக்கு என்ன என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் ஞாபகம் இல்லாமல் வலது காலை நொண்டிவிட்டேன். அவள் என் காலைப் பார்த்துவிட்டு, ஒன்பது வயதுக்காரியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கடலூர் பஸ் ஸ்டாண்டு. பாதத்தில் சிங்கம் இன்னும் அழியவில்லை. அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். பொய் சொல்லிவிட்டது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் இரண்டு வருடத்துக்குச் சொல்ல முடியாது. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னேன்: "அம்மா, பூச்சி கடிக்கல. நானேதான் எறும்புப் புத்துல கால வெச்சேன்."

அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள். அப்பா போன பக்கம் திரும்பிப் பார்த்தாள். "வாய மூடு. அப்பா காதுல உழுந்துடப்போவுது."

அதற்குள் அப்பா வந்துவிட்டார், பஸ்ஸும் புறப்பட்டுவிட்டது. ஜன்னலில் அவள் முகம் தெரிந்தவரை கையை ஆட்டினேன். என்னை அடி வாங்கவிடாமல் காப்பாற்றிவிட்டுப் போகிறாளே, எவ்வளவு நல்ல அம்மா என்று நினைத்துக்கொண்டேன். அப்பா ஒருநாளும் என்னைக் கைநீட்டி அடித்தவரில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.