எங்கள் கடைக்குக் கதவு கிடையாது

நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. புது எண். புது எண் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். என்ன பேசுவது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அது அடித்து ஓய்ந்துவிடும். ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"அண்ணாத்த, பார்சல் கீது. தண்ணி டேங்க் கிட்ட நின்னுகினு கீறேன். லெப்டா, ரைட்டா?"

லெப்ட் என்றேன். கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் வாசலில் வண்டி நின்றது. மகள் வரவழைத்த தலைக்கிளிப். அதற்கு ஒரு அட்டைப் பெட்டி, பெட்டிக்குள் காற்றுக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள். கிளம்பிவிட்டது என்று ஒரு செய்தி, வந்துகொண்டிருக்கிறது என்று ஒரு செய்தி, வந்துவிட்டது என்று ஒரு செய்தி. கடைசியில், கொண்டுவந்தவர் நன்றாக நடந்துகொண்டாரா என்று வேறு கேட்கிறார்கள்.

மகள் சந்தோஷமாகப் பெட்டியைக் கிழித்தாள். பசை வாசனை வந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஒரு தலைக்கிளிப்புக்கு இத்தனை மரியாதை! என் மாமனாரின் முகத்துக்கு இதில் பாதிகூட யாரும் கொடுக்கவில்லையே.

பசை வாசனைக்கும் எனக்கும் பழைய உறவு. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனையில்தான் என் இளமை போயிற்று. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஏதேதோ வேலை பார்த்து, பிறகு மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்தேன். கடை என்று சொல்வது ஒரு பெருமைக்குத்தான். நாலு சவுக்குக் கம்பு, மேலே ஓலை. சாயங்காலம் சைக்கிள்களை எல்லாம் சேர்த்து ஒரே சங்கிலியில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கோயில் கோயிலாகச் சுற்றுவார்கள். எனக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்கு என் பாஷை தெரியாது. கூச்ச சுபாவக்காரனுக்கு இதைவிட நல்ல வியாபாரம் கிடைக்குமா? விரலைக் காட்டினால் போதும்.

அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் உட்கார்ந்திருந்த எல்லாரையும் யாராவது ஒரு வெள்ளைக்காரர் படம் எடுத்திருப்பார். எடுத்துவிட்டு விலாசம் கேட்பார்கள். ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்பார்கள். சிலருக்கு வரவும் வரும். பக்கத்தில் சங்கும் பாசிமணியும் விற்ற ராணியக்காவுக்கு ஒரு படம் வந்தது. அதில் கடை முழுசாக இருந்தது, அக்காதான் பாதி இருந்தார். அதையும் அவர் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்.

என் மாமனார் செய்யூர்ப் பக்கம். சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டும் வேலை. அவரை யாரும் படம் எடுத்ததில்லை. எங்கள் கல்யாணத்தில் போட்டோக்காரர் கூப்பிட்டபோது பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றார். வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க வந்தபோது வேறு ஊர்த் தோப்பில் இருந்தார். "என் மூஞ்சிய வச்சிகினு எவன் இன்னா பண்ணப்போறான்?" என்பார்.

ஒருநாள் ஒரு பை வேர்க்கடலையோடு கடைக்கு வந்தார். என் மனைவி மல்லிகாவும் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். மாமாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஸ்டாண்டு போட்டு நின்ற வண்டி ஒன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டு மிதிக்க ஆரம்பித்தார். பின்சக்கரம் காற்றில் சுற்றுகிறது.

"இன்னா மாப்ள, இம்மாந்தூரம் மிதிச்சிட்டன், இன்னும் செய்யூரு வரலியே?"

"எறங்கு நைனா, மானத்த வாங்காத. எல்லாரும் பாக்கறாங்க," என்றாள் மல்லிகா. ஆனால் அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரிக்கச் சிரிக்க அவர் இன்னும் வேகமாக மிதித்தார். அப்போது வண்டியைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா அதைப் படம் எடுத்தார். வழக்கம்போல விலாசம் வாங்கிக்கொண்டார். தன் விலாசம் அச்சடித்த சீட்டு ஒன்றை மல்லிகாவின் கையில் கொடுத்தார்.

அந்த மழைக்காலத்திலேயே மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. மதுராந்தகத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். காரியத்தன்று மாலை போடப் படம் இல்லை. அவருடைய துண்டையும் கோடாரியையும் மணையில் வைத்துக் கும்பிட்டோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் மல்லிகா சொன்னாள்:

"எனக்கு அவரு மூஞ்சி இப்பவே சரியா வரமாட்டேங்குது. கண்ண மூடுனா துண்டுதான் தெரியுது."

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவளே, "அந்த வெள்ளக்காரம்மா புடிச்சாங்களே ஒரு படம்," என்றாள். அன்றிலிருந்து அந்தப் படம்தான் எங்கள் வீட்டுப் பேச்சு.

கடைக்கு எதிரில் செல்வம் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தான். ஊரப்பாக்கத்திலிருந்து வந்தவன். வெள்ளைக்காரர்களுக்கே தங்கள் பாஷையில் சந்தேகம் வரும்படி இங்கிலீஷ் பேசுவான். அவன் கடிதம் எழுதிக் கொடுத்தான். அந்த அம்மா நல்லவர். பதில் அனுப்பினார்.

எங்கள் தபால்காரர் சைக்கிளுக்குக் காற்று அடிக்க என்னிடம்தான் வருவார். அன்று காற்றுக்கு வரவில்லை. ஒரு கவரை நீட்டிவிட்டு, "எனக்கு வந்தது இப்படித்தாம்பா வந்துச்சி," என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கவரின் ஓரம் பிளேடால் வெட்டி, மறுபடி பசை தடவி ஒட்டியிருந்தது. பசை ஓரத்தில் வழிந்து காய்ந்திருந்தது. உள்ளே கடிதம் மட்டும் இருந்தது. செல்வம் படித்துச் சொன்னான்: இரண்டு படம் வைத்திருக்கிறேன், உங்கள் அப்பாவுக்கு நல்ல சட்டம் போடுங்கள், அதற்காக இரண்டு படத்துக்கும் நடுவில் கொஞ்சம் பணம் வைத்திருக்கிறேன்.

பணத்தை எடுத்தவன் எடுத்துக்கொள்ளட்டும். வயிற்றெரிச்சல் அதில் இல்லை. ஆனால் படத்தை என்ன செய்தான்? சைக்கிளில் உட்கார்ந்து சிரிக்கும் ஒரு கிழவரின் படம் அவனுக்கு எதற்கு? கவரை ஒட்டுவதற்குப் பசை தடவத் தெரிந்தவனுக்கு, படத்தைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு ஒட்டத் தெரியாதா? எந்த ஊரில், எந்த மேஜையில் அந்தப் பிளேடு பட்டதோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் நான் போய்ச் சண்டை போடுகிறவன் இல்லை. அது அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

"போய்க் கேளுய்யா. ஊமையாட்டம் நின்னுட்டு வராத," என்று மல்லிகா துரத்தினாள். போனேன். தபாலாபீஸ் கவுண்டரில் இருந்தவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கவரு வந்துச்சா?"

"வந்துச்சிங்க."

"வந்துச்சில்ல? அப்பறம் இன்னா கம்ப்ளெய்ண்டு?"

"உள்ள இருந்த படம்..."

"உள்ள இருக்கிறத எண்ணிப் பாத்துக் குடுக்கிறதா எங்க வேல? மேலாபீசுல போய் எழுதிக் குடு."

பஸ் ஏறி மேல் அலுவலகம் போனேன். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். நான் எழுத்துக்கூட்டி நிரப்புகிற ஆள். பெயர் எழுதினேன், விலாசம் எழுதினேன். அடுத்து, தொலைந்த பொருளின் மதிப்பு ரூபாயில் எவ்வளவு என்று கேட்டிருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். உள்ளே இருந்தவர் எட்டிப் பார்த்து, "போட்டோதான? பத்து ரூபா போடுப்பா," என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வரிசை நகர வேண்டுமே என்றுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அங்கே கொடுத்துவிட்டதாக மல்லிகாவிடம் சொல்ல நினைத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் கேட்கவே இல்லை.

"இனிமே தபாலே வாணாம் அண்ணே. கூரியர்தான்," என்றான் செல்வம். "காசு கூடத்தான். ஆனா கையெழுத்து வாங்காம கவர கீழ வைக்கமாட்டான்." அப்போது கூரியர் என்றால் அப்படி ஒரு மதிப்பு. ஓட்டல்காரர்களும் பெரிய சிலைக்கடைக்காரர்களும்தான் அதில் அனுப்புவார்கள், வாங்குவார்கள். தபாலை நம்பித் தொலைத்தவர்கள் எல்லாரும் கூரியர் என்ற பேரைச் சாமி பேர்போலச் சொல்லித் திரிந்த காலம். மறுபடி கடிதம் போட்டோம். அந்த அம்மாவும் சலிக்காமல் படத்தை மறுபடி கழுவி, தன் செலவில் கூரியரில் அனுப்பியதாகப் பூத்துக்குப் போன் பண்ணிச் சொன்னார்.

அன்றிலிருந்து நான் கடையை விட்டு நகரவில்லை. சாப்பாடு கடையில். முகச்சவரம் கடையில். ஒதுங்கப் போக வேண்டுமென்றால்கூட ராணியக்காவை உட்காரவைத்துவிட்டுத்தான் போவேன். "இன்னாடா, பொண்ணு பாக்க வராங்களா?" என்று அவர் கிண்டல் பண்ணுவார். தெருமுனையில் மோட்டார் சைக்கிள் திரும்பினால் எழுந்து நிற்பேன். கையெழுத்தைக்கூட இரண்டு தரம் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

யாரும் வரவில்லை. ஒருநாள் பூத்தில் போன் வந்தது. அந்த அம்மாதான். கவர் அவர் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டதாம்.

செல்வம் கூரியர் ஆபீசுக்குப் போன் போட்டான். அது செங்கல்பட்டில் இருந்தது. மல்லிகாவும் நானும் பூத்துக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். அந்தப் பக்கம் பேசுவது வெளியே கேட்டது.

"மூணு தபா வந்தோம் சார். மூணு தபாவும் கடை மூடிக் கெடந்துச்சி. கதவத் தட்டித் தட்டிப் பாத்துட்டு வந்துட்டான் நம்ம ஆளு."

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. செல்வத்தின் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினேன்.

"எந்தக் கதவுய்யா தட்டுன? எங்க கடைக்குக் கதவே கெடயாது! நாலு கம்பும் ஓலையும்தான் கீது. எதத் தட்டுன, சொல்லு!"

"அப்ப நீங்க முன்னாடியே கம்ப்ளெய்ண்ட் குடுத்திருக்கணும் சார்," என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"வராதவன் வரமாட்டான்னு நான் முன்னாடியே கம்ப்ளெய்ண்ட் குடுக்கணுமா?"

போனை வைத்துவிட்டார்கள். தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் என் குரலைப் பலர் அன்றுதான் கேட்டார்கள். மல்லிகா செல்வத்தைப் பார்த்து, "கையெழுத்து வாங்காம குடுக்கமாட்டான்னியே? நீ சொன்னது கரெக்ட்டு. கையெழுத்தும் வாங்கல, குடுக்கவும் இல்ல," என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

எங்கோ ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வந்தேன், தட்டினேன், ஆள் இல்லை என்று எழுதியவனை நினைத்தால் இன்றும் எனக்குக் கை துடிக்கிறது. திருடியவனாவது கவரைத் தொட்டான். இவன் அதற்கும் சோம்பல் பட்டான்.

அதற்குப் பிறகு சில வருஷம் படப் பேச்சை எடுக்கவே எங்களுக்குப் பயமாக இருந்தது. செல்போன் வந்து பூத்தில் கூட்டம் குறைந்ததும், செல்வம் அதைப் பிரவுசிங் சென்டர் ஆக்கினான். எங்களிடம் சொல்லாமலே அந்த அம்மாவுக்குத் தன் மெயில் விலாசத்தை எழுதிப் போட்டிருக்கிறான். ஒருநாள் ஓடி வந்தான். "அண்ணிய இட்டுகினு வா. அந்தம்மா படத்த மெயில்ல அனுப்பிக்கீது."

மல்லிகாவை நாற்காலியில் உட்காரவைத்தான். அப்போதெல்லாம் படம் மேலிருந்து கீழே கோடு கோடாகத்தான் இறங்கும். முதலில் ஓலைக்கூரை வந்தது. பிறகு தலைப்பாகை. பிறகு நெற்றி. "வந்துகினே கீது, வந்துகினே கீது," என்றான் செல்வம். கண் வந்தது. மூக்கு வந்தபோது கரண்ட் போயிற்று.

மல்லிகா நாற்காலியை விட்டு எழவில்லை. இருட்டுத் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். "கண்ணு அவுரு கண்ணுதான்," என்று மட்டும் சொன்னாள். கரண்ட் வந்ததும் மறுபடி ஓலைக்கூரையிலிருந்து ஆரம்பித்தது. இந்த முறை மீசை வந்தது, சிரிப்பு வந்தது, பெடல் மேல் வைத்த கால் வந்தது. அவள் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். செல்வம் தன் பிரிண்டரில் சாதாரண வெள்ளைத்தாளில் அதை எடுத்துக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. அன்றைக்கே சட்டம் போட்டு மாட்டினோம்.

பிரிண்டர் மைக்கு ஆயுசு இல்லை என்று அப்போது எங்களுக்கு யார் சொன்னார்கள்? முதலில் அவர் முகத்தின் நிறம் வெளுத்தது. பிறகு தலைப்பாகை சுவரின் நிறத்துக்கு வந்தது. இன்னொன்று எடுக்கலாமென்று செல்வத்திடம் போனபோது, அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டிருந்தான். ரொம்ப நாள் திறக்காததால் அந்த மெயில் கணக்கும் மூடிப்போயிருந்தது. அந்த அம்மாவின் விலாசத்துக்கு எழுதினோம். பதில் இல்லை. அவருக்கும் வயதாகியிருக்கும்.

இன்று அந்தத் தெருவில் என் கடை இல்லை, பூத் இல்லை. வீட்டில் சட்டம் மட்டும் மாட்டியிருக்கிறது. அதில் கறுப்பு மைதான் மிச்சம்: சைக்கிள் டயர் தெரிகிறது, செயின் தெரிகிறது, கூர்ந்து பார்த்தால் மீசை மாதிரி ஒரு கோடு தெரிகிறது. வெள்ளிக்கிழமை தோறும் மல்லிகா அதற்குப் பூ வைக்கிறாள். கவரிலிருந்து பிடுங்கிப் போட்ட படங்களும், கதவைத் தட்டினேன் என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பிய படமும் ஸ்டூடியோவில் முறையாகக் கழுவியவை. நல்ல தாள். ஏதோ ஒரு குப்பையில் கிடந்தால்கூட, அதில் அவர் முகம் இன்னும் கொஞ்சம் இருக்கும். எங்கள் சுவரில்தான் இல்லை.