நான் வைத்த புள்ளிகள்

எனக்கு வயது எழுபத்தொன்று. வளர்த்தது நான்கு பேரை. மூன்று பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். நான்காவது என் மாமியார் விட்டுவிட்டுப் போன கடைசிப் பிள்ளை, என் கொழுந்தன். அவனுக்குப் பெண் பார்த்துக் கட்டிவைத்ததும் நான்தான். அந்தப் பெண் வனஜா, என் ஓரகத்தி. அவளுடைய பிழைப்பைக் கெடுத்தவள் நான். பொறாமையால் கெடுத்தேன். அதற்கு வேறு பெயர் இல்லை.

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

சித்தூரில் எங்கள் தெருவில் வீட்டுக்குள் தமிழ் பேசுகிறோம். பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு எழுதுகிறார்கள். நான் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரை போனவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் தெருவில் அதுவே பெரிது! கல்யாணப் பத்திரிகை வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவசரப்படாமல் ஒவ்வொரு பெயராக வாசிப்பேன். அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்... அந்தச் சுகம் உங்களுக்குத் தெரியுமா?

ஒருமுறை காணிப்பாக்கம் போகும் வழியில் ஓர் ஓட்டல் பலகையில் புள்ளி இல்லாமல் ‘இடடிலி’ என்று எழுதியிருந்ததைக் கண்டு சொன்னேன். திருப்பதியில் வேலை பார்க்கும் என் மூத்த மகன் அதைக் கேட்டுச் சிரித்தான். அடுத்த முறை வந்தபோது பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகம் கொண்டுவந்தான். அச்சுக்குப் போகும் தாளில் பிழை திருத்துவது எப்படி என்று, புதிதாய்ப் பழகுகிறவர்களுக்குச் சொல்லும் புத்தகம்.

“உனக்குத்தாம்மா” என்றான்.

எனக்கு! அந்த வயதில் எனக்கென்று ஒரு புத்தகம்.

ஒரு பக்கம் முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்துக்கொள், தெரிந்த சொல்லையும் தெரியாத சொல்லைப் போலப் பார், பெயர்களைத் தனியாக ஒருமுறை படி என்றெல்லாம் அதில் இருந்தது. பிறகு குறிகள். நீக்கு என்பதற்கு ஒரு குறி, சேர் என்பதற்கு ஒரு குறி. எனக்கு மிகவும் பிடித்தது ஒன்றே ஒன்று. ஒரு சொல்லைத் தவறென்று அடித்துவிடுகிறோம். பிறகு பார்த்தால் அது சரிதான். அப்போது அடித்த சொல்லின் கீழே வரிசையாகப் புள்ளிகள் வைக்க வேண்டும். ‘இருந்தபடியே இருக்கட்டும்’ என்று பொருள். நம் எழுத்தில் புள்ளி தலைமேல் நிற்கும். இது காலடியில் கிடக்கும். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

வனஜா குடியாத்தம் பக்கத்துப் பெண். தமிழில் பத்தாவது வரை படித்தவள். “அக்கா, நான் ஒருவாட்டி பாத்துட்டுத் தரட்டுமா?” என்று கேட்டாள். கொடுத்தேன். மசாலாப் பொட்டலம், கோயில் நோட்டீஸ், எதையும் விடவில்லை, எல்லாவற்றிலும் சிவப்புப் பேனாவால் கோடு கிழித்துப் பழகினாள். நான் நான்காம் பக்கத்தில் இருந்தபோது அவள் புத்தகத்தை முடித்துவிட்டாள்.

கடைத்தெருவில் ஓர் அச்சகம் உண்டு. முதலாளி தெலுங்குக்காரர். எல்லைக் கிராமங்களிலிருந்து தமிழ்ப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களை அவரால் விடவும் முடியாது, பிழையில்லாமல் அடித்துக் கொடுக்கவும் முடியாது. வனஜா போய்ப் பேசினாள். அவளுக்கு வேலை கிடைத்தது.

அதுவரை நாங்கள் இருவரும் பருவத்தில் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் பழம் நறுக்கப் போகிறவர்கள். மாம்பால் பட்டு எங்கள் இருவர் கையும் ஒன்றுபோலப் புண்ணாகும். அந்த வருஷம் நான் மட்டும் போனேன். அவள் மின்விசிறிக்குக் கீழே, நாற்காலியில்! தெருவில் பத்திரிகை வந்தால் இப்போது அவள் வாசலுக்குப் போனார்கள். “மேடம்மா வராங்க, வழி உடுங்க” என்று நானும் கேலி செய்வேன். அவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். என் கேலியில் விஷம் இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் சிரித்தாளோ...

என் புத்தகம் அல்லவா அது? எனக்கென்று வந்தது அல்லவா?

ஒரு பிற்பகல். நகரியிலிருந்து ஒரு நெசவாளி வீட்டுப் பத்திரிகை, திருத்துவதற்காக வனஜா வீட்டுக்கு வந்திருந்தது. நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். கணினியில் அடிக்கிறவருக்குத் தமிழ் எழுத்தின் உருவம் தெரியும், பொருள் தெரியாது. வேறொரு வீட்டுப் பத்திரிகையை எடுத்து, அதில் பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார். அந்த வீட்டில் பெண்ணின் தகப்பனார் காலமானவர் போலும். பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ என்று இருந்தது அப்படியே நின்றுவிட்டது.

வனஜா எனக்குக் காட்டிச் சிரித்தாள். “பாரு அக்கா, நேத்து அச்சகத்துக்கு வந்துட்டுப் போன மனுசன உசுரோட சாமிகிட்ட அனுப்பிட்டாங்க.”

‘தெய்வத்’ என்பதை மட்டும் அடித்து ‘திரு’வை விட்டாள். தாளை மடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

அவர் உயிரோடு இருப்பது எனக்குத் தெரியும். அவளே சொல்லிவிட்டுத்தானே போனாள்! தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அவளுடைய சிவப்புப் பேனாவை எடுத்தேன். அடித்த எழுத்துகளின் கீழே புள்ளிகள் வைத்தேன். கோலத்துக்கு வைப்பதுபோல நிதானமாக, சீராக வைத்தேன்... அந்தப் புத்தகத்திலிருந்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

கல்யாணப் பருவம். இன்னொரு முறை சரிபார்க்க அச்சகத்தில் யாருக்கும் பொழுதில்லை. குறி சொன்னபடி அடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

முதல் பத்திரிகையைப் பிள்ளையார் காலடியில் வைக்க அந்தக் குடும்பம் காணிப்பாக்கம் போயிருக்கிறது. வரிசையில் நிற்கும்போது யாரோ பிரித்து வாசித்திருக்கிறார்கள். பெண்ணின் தாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

அச்சகத்திலிருந்து வனஜாவுக்கு ஆள் வந்தது. நானும் கூடப் போனேன். ஏன் போனேன்? துணைக்கு என்று சொன்னேன். பார்க்கத்தான் போனேன்.

அந்த நெசவாளி மெலிந்த மனிதர். பத்திரிகைக் கட்டை மேசைமேல் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“எம் பொண்ணு கல்யாணத்துக்கு நான் வரலாமா, கூடாதாம்மா? அத்த மட்டும் சொல்லுங்க. எம் பொண்டாட்டி மூணு வேளையா ஒண்ணும் துன்னலை.”

வனஜா அழவில்லை. முதலாளி திருத்திய தாளைத் தேடி எடுத்து விரித்தார். “இந்தப் புள்ளிங்க நீ வெச்சதுதானா, செப்பும்மா” என்றார்.

அவள் தாளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். நான் சுவரோரம் நின்றேன். இப்போது அவள் திரும்பி என்னைப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் இந்தக் குறி தெரிந்தவர்கள் இரண்டே பேர்! அவளுக்கு அது தோன்றவே இல்லை.

“எம் பேனாதான் சார்” என்றாள். “நான்தான் வெச்சிருப்பேன். ஏன் வெச்சேன்னுதான் தெரியலை.”

வேலை போயிற்று. அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். மறு பருவத்தில் அவள் என்னோடு பழம் நறுக்க வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது... அன்று நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆனால் அவளுக்குத் தன் புத்திமேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. கண்தான் கெட்டதோ என்று என் மகனோடு திருப்பதிக்குப் போய்க் காட்டினாள். கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதைக் கேட்டு வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்படுவார்கள். அவளோ, அப்படியென்றால் கெட்டது தலைதான் என்று முடிவு செய்துகொண்டாள். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிறாள். உப்புப் போட்டேனா என்று கேட்கிறாள். எங்கேயும் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறாள். கொழுந்தன் செத்துப்போன பிறகு என் வீட்டிலேயே இருக்கிறாள். என் கண்ணெதிரில், நாள் முழுவதும்.

போன வாரம் அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்: “எனக்கு முழுசா நெனவு தப்பிப்போச்சுன்னா என்ன எங்கயாவது உட்டுட்டு வந்துடாத அக்கா.”

“சரி” என்றேன். அவள் தலையில் ஒரு கோளாறும் இல்லை என்று இந்த உலகத்தில் அறிந்தவள் நான் ஒருத்தி. அதைச் சொல்லாமல் “சரி” என்றேன்.

சொன்னால் என்ன ஆகும்? எனக்குத் தெரியும். அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். பொறுத்துக்கொள்வாள். அதிலும் அவளே என்னைவிடப் பெரியவளாகிவிடுவாள் என்று இதை எழுதும்போதுகூட நெஞ்சு எரிகிறது. இப்படிப்பட்டவள்தான் நான். இந்தப் பாரத்தை இறக்கிவைக்க இடம் கேட்கவில்லை. இறங்காது என்று தெரியும்.

இளைய மகனின் பெண் சிந்து பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவளுடைய சின்ன ஆயா, வனஜா. சொல்லிக்கொடு என்று என்னை யாரும் கேட்கவில்லை, அதற்கும் ஒரு காலத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

“சிந்து, இத்தப் படிச்சுக் காட்டு.”

“நீ எழுதினதா ஆயா? என்ன இது?”

“படி. இங்க ஒக்காராத. சின்ன ஆயா சமையல்கட்டுல காய் அரிஞ்சுக்கினு இருக்குது. அது பக்கத்துல போய் ஒக்காந்து, சத்தமாப் படி.”