ராஜப்பிள்ளை உயிரோடிருக்கும் வரை

லாயர் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை என்பது வேறொன்றுமில்லை, செத்துப்போனவர் எழுதிவைத்ததை உயிரோடிருப்பவர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்களிடம் வசவு வாங்கிக் கட்டிக்கொள்வதுதான். எழுதியவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருப்பார். லாயர் உள்ளறையில் காற்றாடிக்குக் கீழே இருப்பார். நடுவில் மாட்டுகிறவன் நான். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்கள் யாராக இருந்தாலும் என் கஷ்டம் புரியும். தபாலாபீஸோ, கிளினிக்கோ, ரயில் நிலையமோ, எங்கே நின்றாலும் திட்டு ஒன்றுதான்.

நான் சொல்வது மெர்டேக்காவை, அதாவது மலாயா சுதந்திரத்தை, ஒட்டிய வருஷங்கள். மலாக்காவில் அப்போது சொத்துக்கு இங்கிலீஷ்காரன் சட்டம். அந்தச் சட்டப்படி ஒரு வீட்டைச் சுவர் வைத்துப் பிரிக்க வேண்டாம், காலத்தை வைத்தே பிரித்துவிடலாம். இன்னார் சாகும்வரை இவருக்கு, அதற்குப் பிறகு அவருக்கு என்று எழுதினால் போதும். அந்தப் 'பிறகு'க்குச் சொந்தக்காரர்கள்தான் எங்கள் ஆபீஸ் பெஞ்சைத் தேய்த்தவர்கள்.

இருமல்

கோவிந்தசாமி காஜா பெராங்கில் மளிகைக்கடை வைத்திருந்தவர். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. காலமாகிவிட்ட தம்பியின் மனைவி சிவகாமிதான் அவருக்குச் சமைத்துப் போட்டாள். உயிர் நண்பர் ஒருவர் உண்டு, ராஜப்பிள்ளை. மலாய் பேசும் மலாக்காச் செட்டிகளின் ஊரான கம்போங் செட்டியில் பிறந்தவர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. மத்தியானச் சாப்பாடு எப்போதும் நண்பர் வீட்டில்தான். கோவிந்தசாமி தவறியபிறகு இந்த இருவரும், அவருடைய அக்காள் மகன் சுந்தரமும் உயில் கேட்க வந்தார்கள். சுந்தரம் பஸ் கண்டக்டர். டிக்கெட் பையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தான்.

நான் வாசித்தேன். ராஜப்பிள்ளை உயிரோடிருக்கும் வரை வீடு சிவகாமிக்கு, அவர் காலமானதும் சுந்தரத்துக்கு. சிவகாமி நம்பவில்லை. "என் ஆயுசு வரைக்கும்னுதான் இருக்கும், கண்ணாடிய மாட்டிட்டு நல்லாப் பாருங்க" என்றாள். மாட்டிக்கொண்டு பார்த்தேன், அதேதான். தனக்குப் பின்னாலும் நண்பருக்குச் சோறு விழவேண்டும் என்று கோவிந்தசாமி போட்ட திட்டம் அது. லாயர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் மனுஷன் மாறவில்லை. இந்த அம்மாள் நூறு வயது வாழ்ந்தாலும் பயனில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவர் போனால் இவள் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

சுந்தரம் மெதுவாகத் திரும்பி, ராஜப்பிள்ளையை உச்சி முதல் பாதம் வரை அளந்தான். அந்த நேரம் பார்த்து அவருக்குத் தொண்டை அரித்தது. இருமினார். சிவகாமி பதறி எழுந்து, என் மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்து அவர் வாயருகே நீட்டினாள்.

"அண்ணே, இருமாதீங்க!"

காற்றில் நிற்கும் டுரியான்

இந்த மாதிரி எழுதினவர் இவர் ஒருவர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். புக்கிட் ரம்பாயிலிருந்து ஒருவர் வந்தார். நிலத்தை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தன் ஆயுள் முழுக்க மரத்திலிருந்து தானாக விழும் டுரியான் மட்டும் தனக்கு என்று வைத்துக்கொண்டவர். மகன் மரத்துக்குக் கீழே வலை கட்டிவிட்டான். பழம் தரையைத் தொடவில்லை, அதனால் விழவில்லை என்பது அவன் வாதம். தகப்பனார் முகமெல்லாம் சிவந்து என் மேஜையைத் தட்டினார்.

"மரத்துல இருந்தா அவனுது, மண்ணுல இருந்தா எனக்கு. நடுவுல வர்றப்போ அது யாருது, அதச் சொல்லுங்க கிராணியாரே!"

சம்பலுக்கு ஒரு நோட்டீஸ்

சிவகாமி ராஜப்பிள்ளையை வளர்த்த மாதிரி யாரும் பெற்ற பிள்ளையை வளர்த்திருக்க மாட்டார்கள். காலையில் கஞ்சி, மத்தியானம் மிளகு ரசம், வெயிலுக்குக் குடை, மழைக்கும் குடை. அவள் தமிழில் அதட்டுவாள், அவர் கம்போங் செட்டி மலாயில் பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் எல்லாம் புரியும். வேண்டாதது மட்டும் புரியாது. எங்கள் ஆபீஸ் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவர் கைத்தடியைத் தூக்கி, "பெலும் மாத்தி!" என்று எனக்குக் குரல் கொடுப்பார். இன்னும் சாகவில்லை என்று அர்த்தம். காலை வணக்கத்துக்குப் பதிலாக அதைத்தான் வைத்திருந்தார்.

ஒருநாள் சிவகாமி அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். பத்தியத்தை மீறி, கம்போங்கில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் இறால் விழுது சேர்த்த காரச் சம்பல் பெலாச்சானும் கருவாடும் ஒரு பிடி பிடித்திருக்கிறார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அனுபவிக்கிறவர் சொத்தைப் பாழாக்கக்கூடாது, பின்னால் வருகிறவர் கேஸ் போடலாம் என்று எப்போதோ அவளிடம் சட்டம் பேசியிருந்தேன். "இவரு ஒடம்பு இருந்தாத்தானே எனக்கு வீடு? அப்ப இவரு சம்பல் சாப்பிட்டா என் சொத்தத்தானே பாழாக்குறாரு? நோட்டீஸ் போடுங்க" என்று நின்றாள். லாயர் மலாய் பேசும் பாபா சீனர், தானும் சம்பல் பிரியர். அவர் சிரித்த சிரிப்பில் உள்ளறைக் கதவு ஆடியது. ராஜப்பிள்ளை மட்டும் சிரிக்காமல் லாயரிடம் மலாயில் கேட்டார்.

"துவான், என் வயிறாவது என் பேரில் இருக்கிறதா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்."

காலி நாற்காலி

சுந்தரத்தின் பஸ் காஜா பெராங் ரோட்டில்தான் போகும், வரும். வீட்டுக்கு முன்னால் அஞ்சடித் தாழ்வாரத்தில் ராஜப்பிள்ளைக்கு ஒரு பிரம்பு நாற்காலி. பஸ் அந்த இடத்துக்கு வந்ததும் சுந்தரம் ஃபுட்போர்டில் தொங்கி எட்டிப் பார்ப்பான். கிழவர் கையைத் தூக்கிக் காட்டுவார். சுந்தரத்தின் முகம் சுருங்கும். பஸ்ஸில் தினமும் போகிறவர்களுக்கு இது ஒரு வேடிக்கை. "கண்டக்டரே, இன்னிக்கும் உனக்கு இல்ல!" என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும்.

ஒருநாள் நாற்காலி காலி. சுந்தரம் மணிக்கயிற்றை இழுத்து பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, பாய்ந்து இறங்கி, சற்றுத் தள்ளி இருந்த எங்கள் ஆபீசுக்கு ஓடிவந்தான். மூச்சு வாங்க, "பத்திரத்த எடுங்க கிராணியாரே, முடிஞ்சிருச்சு!" என்றான். நான் கண்ணால் பெஞ்சைக் காட்டினேன். ராஜப்பிள்ளை அங்கே உட்கார்ந்து, சிவகாமிக்குத் தெரியாமல், பால் சேர்க்காத கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்தார். வெளியே பஸ்ஸின் ஹாரனும் பயணிகளின் கூச்சலும் கேட்டன. அவர் சாசரை இறக்கி வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் விசாரித்தார்.

"தம்பி, பஸ் ரோட்டுலே நிக்குது. பசியாறிட்டியா?"

நாட்டுக்கே வந்தது

மெர்டேக்கா அன்று பாடாங் மைதானத்தில் கால்வைக்க இடமில்லை. ராஜப்பிள்ளை போயே தீருவேன் என்று அடம்பிடித்தார். சிவகாமி அவர் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். வெடிச்சத்தத்தில் அவர் நெஞ்சு நின்றுவிடக் கூடாதே என்று காதில் பஞ்சு வேறு. அவரோ பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி குதித்துக் கத்தினார். அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சுந்தரமும் கூட்டத்தில் என் பக்கத்தில் நின்றான். வெள்ளைக்காரன் போனால் அவன் சட்டமும் கப்பலேறுமா, வீடு உடனே கைக்கு வருமா என்று முன்பே என்னிடம் கேட்டிருந்தான். சட்டம் இங்கேயேதான் இருக்கும் என்று சொல்லியிருந்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. புதுக்கொடியை அண்ணாந்து பார்த்தான், துண்டில் கட்டுண்டு குதிக்கும் கிழவரைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான்.

"நாட்டுக்கே வந்துடுச்சு கிராணியாரே. எனக்கு எப்ப வரும்?"

கை தூக்காத நாள்

வந்தது. மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், ரசம் சோறு சாப்பிட்டுக் கை கழுவி, நாற்காலியில் வந்து உட்கார்ந்த ராஜப்பிள்ளை அப்படியே போய்விட்டார். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சிவகாமிக்குக்கூடத் தெரியவில்லை. முதலில் கண்டவன் சுந்தரம். பஸ்ஸை நிறுத்தினான். இந்தமுறை அவன் எங்கள் ஆபீசுக்கு ஓடிவரவில்லை, டாக்டர் வீட்டுக்கு ஓடினான். டாக்டர் வந்து பயனில்லாமல் போனது.

சாயங்காலம் நான் போனபோது மழையில் நனைந்து அஞ்சடியில் உட்கார்ந்திருந்தான். வீடு இனி அவனுடையது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன்மேல் எனக்கிருந்த எரிச்சலெல்லாம் அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது.

"எட்டிப் பார்த்தேன். கையத் தூக்கல கிராணியாரே. கையத் தூக்கவே இல்ல."

தும்மல்

அடக்கம் முடிந்து சிவகாமியும் சுந்தரமும் ஆபீசுக்கு வந்தார்கள். சிவகாமி சட்டிபானைகளை மூட்டை கட்டிவிட்டாள். எங்கே போவது என்று தெரியாது. லாயர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ராஜப்பிள்ளையும் ஓர் உயில் எழுதியிருந்தார். தட்டச்சு செய்தவன் நான்தான். வாய் திறக்கக்கூடாது என்பது தொழில் தர்மம். அதைக் காப்பாற்ற நான் பட்ட பாடு சாமிக்குத்தான் தெரியும்.

காஜா பெராங் ரோட்டிலேயே, கோவிந்தசாமி வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி அவருக்கு ஒரு பலகை வீடு இருந்தது. அது சிவகாமிக்கு. எதுவரை? சுந்தரம் உயிரோடிருக்கும் வரை. அவனுக்குப் பிறகு அவன் பிள்ளைகளுக்கு. "எனக்குக் கல்யாணமே ஆகலையே!" என்றான் சுந்தரம். இன்னும் பிறக்காதவர்களுக்கும் எழுதிவைக்கலாம், சட்டத்தில் இடமுண்டு என்றேன். எழுதும்போது லாயரே கேட்டார், உங்கள் சாவுக்குக் காத்திருக்கிறவனுக்கா இவ்வளவு என்று. அதற்கு ராஜப்பிள்ளை சொன்னதை இரண்டு பேருக்கும் தமிழில் சொன்னேன்: "எதற்காக இருந்தால் என்ன, தினமும் என்னை எட்டிப் பார்த்தவன் அவன். ஒண்டிக்கட்டை, ஒட்டுக்கடையில் சாப்பிடுகிறான். சிவகாமி ஒருத்தரைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதில் கெட்டிக்காரி."

சிவகாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இடுகாட்டில் நனைந்த தலையோடு வந்திருந்த சுந்தரம் அப்போது பலமாகத் தும்மினான். அதே முந்தானையோடு அவள் துள்ளி எழுந்தாள்.

"தம்பி, மொதல்ல தலையத் துவட்டு!"

பத்தியம் முடிந்தது

கம்போங் செட்டியில் போகியன்று பர்ச்சு என்று இறந்தவர்களுக்குப் படைப்பார்கள். அவரவருக்குப் பிடித்ததை வாழை இலையில் பரிமாறி, சற்று ஒதுங்கி நிற்பார்கள். ராஜப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் அந்த வருஷம் சிவகாமியையும் சுந்தரத்தையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சிவகாமி பாசாருக்குப் போய் பெலாச்சான் வாங்கி, கண்ணில் தண்ணீர் வர அம்மியில் சம்பல் அரைத்துக் கொண்டுவந்திருந்தாள். இலையில் அதைக் குவித்து வைத்தாள், பக்கத்தில் கருவாடு வைத்தாள், யோசித்துவிட்டு ஒரு கோப்பி ஓவும் வைத்தாள். கோப்பி விஷயம் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"இனிமே பத்தியம் இல்ல அண்ணே. வேணுங்கறத சாப்பிடுங்க."

ஃபுட்போர்ட்

பிறகு நடந்ததை காஜா பெராங்கே பார்த்தது. மத்தியானமானால் சிவகாமி அடுக்குச் சட்டியோடு பஸ் நிறுத்தத்தில் நிற்பாள். பஸ் வந்ததும், "தொங்காத, உள்ள போ! கம்பியப் பிடி! டிரைவரே, மெதுவாப் போனா என்ன கொறஞ்சா போயிடும்?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துவாள். சாப்பாட்டை மிச்சம் வைத்தால் மறுநாள் என்னிடம் பிராது வரும். பெண் பார்க்கிற வேலையும் நடந்தது. பின் சீட்டுக்காரர்கள், "கண்டக்டரே, ரசம் வந்தாச்சு!" என்று குரல் கொடுப்பார்கள்.

சுந்தரம் அலுத்துக்கொள்வான். ஆனால் அலுப்பில் ஒரு மினுமினுப்பு இருக்கும், கன்னமும் சற்று உப்பியிருந்தது. பஸ் எங்கள் ஆபீஸ் ஜன்னலைத் தாண்டும்போது, கம்பியை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை உயரத் தூக்கி எனக்குக் குரல் கொடுப்பான்.

"பெலும் மாத்தி, கிராணியாரே!"

ஆகவே அன்பர்களே, உங்களுக்கும் யாராவது வேளை தவறாமல் சோறு போட்டு, ஓரமாகப் போகச் சொல்லி, தும்மினால் தலை துவட்ட ஓடிவந்தால், பூரித்துப் போவதற்கு முன்னால் எங்கள் ஆபீஸ் பக்கம் வந்து உயில் கியில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.