ஊதா விளக்கும் நான் விற்ற லக்ஸ் மீட்டரும்

செல்வி அக்கா கடைக்குள் வந்து கவுன்டர்மேல் ஒரு ட்ரேயை வைத்தார். அதில் ஆர்க்கிட் கன்றுகள். இலைகள் வெளுத்து, நுனி கருகியிருந்தன.

“நோக்குங்க சாரே. நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன்.”

பழவங்காடியில் அளவுக் கருவிகள் விற்கும் கடையில் எனக்கு அது பத்தொன்பதாவது வருடம். செல்வி அக்கா வித்துராவில் இருப்பவர். குடும்பம் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தது; பேச்சில் இந்த ஊர் மலையாளம் கலந்திருக்கும். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, வீட்டின் ஓர் அறையில் எல்.இ.டி. விளக்குகளுக்குக் கீழே நானூறு கன்றுகள் வளர்த்து வந்தார். மூன்று வாரம் முன்பு வெளிச்சம் அளக்க மீட்டர் கேட்டு வந்தபோது, ஆபீஸ்களுக்குக் கொடுக்கும் லக்ஸ் மீட்டரையே எடுத்துக் கொடுத்தேன். என்ன விளக்கு என்று கேட்கவில்லை.

கன்றுகளுக்கு எட்டாயிரம் லக்ஸ் வேண்டும் என்று அவர் எங்கோ படித்திருந்தார். மீட்டர் ஆயிரத்து ஐநூறுதான் காட்டியது. விளக்குகளைக் கொஞ்சம் இறக்கினார். பிறகு எனக்குப் போன் செய்தார்.

“இலை வெளுக்குது சாரே. வெளிச்சம் கூடிப்போச்சோ?”

“மீட்டர்ல எவ்வளவு?”

“ரெண்டாயிரம்.”

“அப்போ பத்தாது அக்கா. இன்னும் இறக்குங்க” என்றேன், யோசிக்காமல்.

இப்போது ட்ரேயைப் பார்த்துவிட்டு முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார்.

“மீட்டருக்கு கம்ப்ளெய்ன்ட் ஒண்ணும் இல்லல்லோ? அவங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியலன்னு சொல்லி அனுப்பு.”

“தெரியாதது எனக்குத்தான் முதலாளி. நான் போய்ப் பாத்துட்டு வரேன்.”

செடிகள் எடுத்துக்கொள்ளும் வெளிச்சத்தை அளக்கும் பி.ஏ.ஆர். மீட்டர் ஒன்று டெமோவுக்காகக் கடையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு செல்வி அக்காவோடு வித்துரா பஸ் ஏறினேன்.

அறைக் கதவைத் திறந்ததுமே புரிந்துவிட்டது. உள்ளே முழுக்க ஊதா வெளிச்சம். சிவப்பும் நீலமும் கலந்த எல்.இ.டி. லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணுக்காகச் செய்தது. நம் கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும்தான் பளிச்சென்று தெரியும். இந்தச் சிவப்பும் நீலமும் மங்கல். செடிக்கோ இவை நல்ல சாப்பாடு.

இரண்டு மீட்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். லக்ஸ் மீட்டர் மூவாயிரம் காட்டியது. பி.ஏ.ஆர். மீட்டர் நானூற்றை ஒட்டி நின்றது; அதன் அலகு வேறு. அந்த அலகில் இந்தக் கன்றுகளுக்கு நூறு போதும்.

“நாலு மடங்கு அக்கா. தப்பு என்னோடது.”

அவர் கருகிய ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “அன்னிக்கே இலையைப் பாத்து எனக்குச் சம்சயம் வந்தது. உங்க பேச்சைக் கேட்டுட்டேன்” என்றார்.

இருவருமாகச் சங்கிலிகளைப் பிடித்து விளக்குகளை உயர்த்தினோம். கன்றுகள் வைத்திருந்த அடுக்குத் தட்டுகளில் உயர்த்த இடமில்லாதவற்றில் விளக்குகளை ஒன்றுவிட்டு ஒன்று அணைத்தோம். ஒவ்வொரு தட்டிலும் நடுவிலும் மூலைகளிலும் அளந்து, நூற்றுக்கு வந்ததும் நிறுத்தினோம்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் போனேன். ஐம்பது கன்றுகள் போய்விட்டன. மற்றவற்றில் புது இலை நல்ல பச்சையாக வந்திருந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெள்ளை விளக்கு என்றால் லக்ஸ் மீட்டரை வைத்துச் சமாளிக்கலாம். ஊதா என்றால் பி.ஏ.ஆர். மீட்டரைத் தவிர வேறு எதையும் விற்காதீர்கள். என்ன செடி, என்ன விளக்கு என்று கேட்காமல் அலமாரியைத் திறக்காதீர்கள். இலை வெளுக்கிறது என்று ஒருவர் சொன்னால் போனிலேயே தீர்ப்புச் சொல்லாமல் நேரில் போய்ப் பாருங்கள். அதன் பிறகு நான் அப்படித்தான் விற்றேன். ஒரு மீட்டர்கூடத் திரும்பி வரவில்லை.